பாதத்தில் கட்டியா? முதலில் ஊசிப் பரிசோதனை, பிறகுதான் கத்தி

போன வாரமும் எங்கள் நோயியல் ஆய்வகத்துக்கு ஒரு பாட்டில் வந்தது. உள்ளே பாதத்திலிருந்து எடுத்த கட்டி, ஐந்தாறு துண்டுகளாக. கூட வந்த படிவத்தில் 'கொழுப்புக் கட்டி' என்று ஒரே வரி. எவ்வளவு ஆழத்தில் இருந்தது, ஸ்கேன் எடுத்தார்களா, ஒன்றும் இல்லை. நுண்ணோக்கியில் பார்த்தால் சைனோவியல் சார்கோமா. புற்றுநோய். துண்டு துண்டாக வந்ததில் எது ஓரம், எது நடு, புற்று முழுவதும் வந்துவிட்டதா என்று எப்படிச் சொல்வது? இனி முதல் அறுவையில் கத்தி போன தடம் முழுவதையும் சேர்த்து எடுக்க வேண்டும். தொடையென்றால் சதை உண்டு. பாதத்தில் என்ன இருக்கிறது?

நோயியல் மருத்துவராக எனக்குச் சலித்துப்போன வாக்கியம் ஒன்று உண்டு: "வலியே இல்லை, அதனால் சாதாரணக் கட்டிதான்." யார் சொன்னது? செருப்பு உரசினால் சாதாரண நீர்க்கட்டிகூட வலிக்கும். விரல்களுக்கிடையே நரம்பு தடித்தால் எரிந்து உயிரை வாங்கும். அது புற்றுநோயே அல்ல. மாறாக, சைனோவியல் சார்கோமா வருடக்கணக்கில் சத்தமில்லாமல் வளரக்கூடியது. அதுவும் பெரும்பாலும் இளம் வயதினருக்கு வருகிறது. வலியை வைத்து நல்லது, கெட்டது என்று தரம் பிரிக்க முடியாது. 'சின்னதுதானே' என்பதும் அப்படியே. 5 சென்டிமீட்டரைத் தாண்டினால் சந்தேகப்படு என்பது பொது விதி; பாதத்தில் அந்த அளவு வரும்வரை காத்திருந்தால் காரியம் கெட்டுவிடும்.

புற்றுநோய் மட்டுமல்ல. 1842-இல் கில் என்ற மருத்துவர் மதுரையில் பதிவுசெய்த 'மதுரைக் கால்' என்ற தொற்றுநோய் இன்றும் இருக்கிறது. 2016-இல் உலக சுகாதார நிறுவனம் இதைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களில் சேர்த்தது. வெறுங்காலோடு வயலில் நடப்பவருக்கு முள் குத்திய இடத்தில் வலியில்லாத கெட்டியான வீக்கமாகத் தொடங்கும். துளை விழுந்து குருணை குருணையாகக் கசிவது பிறகுதான். காரணம் பாக்டீரியா என்றால் பெரும்பாலும் மருந்திலேயே ஆறும். பூஞ்சை என்றால் வேறு மருந்து, சில நேரம் அறுவையும் வேண்டும். எது என்று தெரியாமல் கத்தியை எடுத்து என்ன பயன்?

எல்லாக் கட்டிக்கும் ஊசியால் திசு எடுத்துப் பார்க்க வேண்டியதில்லை. நீர்க்கட்டி அல்ட்ராசவுண்டிலேயே தெரிந்துவிடும். உள்ளங்கால் வளைவில் வரும் நார்க்கட்டியும் பெரும்பாலும் அப்படித்தான்; அதை அவசரப்பட்டு வெட்டினால் திரும்ப வரும். கெட்டியாக, ஆழமாக, வளர்ந்துகொண்டே இருப்பதற்கு எம்.ஆர்.ஐ. எடுங்கள். ஊசித் திசுப் பரிசோதனை அதற்குப் பிறகு. முன்னால் குத்தினால் இரத்தக்கசிவு படத்தைக் குழப்பும். ஊசி குத்தினால் நோய் பரவிவிடும் என்று பயந்து ஓடாதீர்கள். பின்னால் அறுவை நடக்கும் கோட்டிலேயே ஊசி போகும்படி அறுவை மருத்துவர் பார்த்துக்கொள்வார்.

சக மருத்துவர்களே, தொற்று என்று சந்தேகம் இருந்தால் தயவுசெய்து இரண்டு பாட்டில் அனுப்புங்கள்: ஒன்று ஃபார்மலினில், மற்றொன்று கிருமி வளர்ப்புக்குச் சலைனில். ஃபார்மலினில் ஊறியதிலிருந்து எந்தக் கிருமியையும் வளர்க்க முடியாது. படிவத்தில் நான்கு வரி எழுதினால் கை வலித்துவிடாது.

நோயாளிகளுக்கு: ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போடும் முன், "இது என்ன கட்டி, எதை வைத்துச் சொல்கிறீர்கள்?" என்று கேளுங்கள். எடுத்த கட்டி எவ்வளவு சிறியதானாலும் ஆய்வகத்துக்குப் போயிற்றா என்று விசாரித்து, அறிக்கையைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள்.