2050-இல் எத்தனை பெண்கள் பள்ளி முடித்திருப்பார்கள்?

கல்விப் புள்ளிவிவரம்தான் என் தொழில். ஒரு நாட்டின் பெண்பிள்ளைகள் இன்னும் இருபது, முப்பது வருடத்தில் எதுவரை படித்திருப்பார்கள் என்று கணித்துக் கொடுக்க வேண்டும். நான் பேசி முடித்ததும் வரும் முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "சரி மேடம், கடைசியா எத்தனை சதவீதம்?" அந்த எண்ணைக் குறித்துக்கொண்டு எழுந்து போய்விடுவார்கள். அது எந்த நிபந்தனையின் மேல் நிற்கிறது என்று கேட்பவர்கள் குறைவு.

வேலைக்கு வந்த புதிதில் நானே ஒரு தப்பு செய்தேன். 15 முதல் 19 வயதுப் பெண்களில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்கள் எத்தனை பேர் என்று ஒரு சர்வேயிலிருந்து எடுத்தேன். 20 முதல் 24 வயதுக்காரர்களைவிடக் குறைவாக வந்தது. பெண்கல்வி சரிகிறது என்று பதறிப்போய்க் குறிப்பு எழுதிவிட்டேன். மேலதிகாரி படித்துவிட்டு, "பதினாறு வயசுப் பிள்ளை எப்படிம்மா பன்னிரண்டாவது முடிச்சிருக்கும்?" என்றார்.

பதின்வயதுக் கல்வியைக் கணக்கிடுவதில் உள்ள அடிப்படைச் சிக்கலே அதுதான். பாதி வழியில் இருப்பவளிடம் எவ்வளவு தூரம் போனாய் என்று கேட்க முடியாது. யுனெஸ்கோ இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது: கடைசி வகுப்புக்கு உரிய வயதைவிட மூன்று முதல் ஐந்து வயது மூத்தவர்களைப் பார்ப்பது. 17 வயதில் முடிய வேண்டிய படிப்பு என்றால் 20 முதல் 22 வயதினரிடம் கேட்பது. தாமதமாகச் சேர்ந்தவர்களும், ஒரே வகுப்பில் இரண்டு வருடம் இருந்தவர்களும் இதில் அடங்கிவிடுவார்கள். ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. இன்று கையில் இருக்கும் எண், ஐந்தாறு வருடத்துக்கு முன்பு பதினைந்து வயதாக இருந்த பெண்களைப் பற்றியது. நாம் அதைப் புதுச் செய்தியாகப் படிக்கிறோம்.

நீண்டகாலக் கணிப்பில் ஒரு பகுதி எளிது. எட்டாவதோடு நின்ற 25 வயதுப் பெண், 50 வயதிலும் பெரும்பாலும் எட்டாவது படித்தவளாகவே இருப்பாள். ஆஸ்திரியாவின் விட்கென்ஸ்டைன் மையத்தைச் சேர்ந்த மக்கள்தொகை ஆய்வாளர்கள் உலக நாடுகள் முழுவதுக்கும் இப்படித்தான் கணக்குப் போடுகிறார்கள். வயது, பாலினம், படிப்பு மூன்றாலும் மக்களைப் பிரித்து, ஒவ்வொரு குழுவையும் ஐந்தைந்து வருடமாக நகர்த்துவார்கள். படித்த பெண்களுக்குப் பொதுவாகக் குழந்தைகள் குறைவு, குழந்தை இறப்பும் குறைவு என்பதால் இன்றைய பெண்களின் படிப்பே நாளைய வகுப்பறைகளில் எத்தனை பேர் உட்காருவார்கள் என்பதையும் மாற்றிவிடும்.

கடினமான பகுதி பன்னிரண்டு வயதுக்கும் பதினேழுக்கும் நடுவில் இருக்கிறது. தொடக்கப்பள்ளியை முடித்தவர்களில் எத்தனை பேர் அடுத்த படிக்குப் போகிறார்கள், அவர்களில் எத்தனை பேர் அதையும் தாண்டுகிறார்கள் என்று படிப்படியாகத்தான் கணிக்க வேண்டும். ஒரே சராசரியாக இழுத்தால் தவறிவிடும். நேர்க்கோடாக நீட்டினால் ஏதோ ஒரு வருடம் 100 சதவீதத்தைத் தாண்டிப் போய்விடும் (அப்படியும் டேபிள்கள் என் மேசைக்கு வந்திருக்கின்றன). உண்மையில் கோடு எஸ் வடிவில் வளையும். நடுவில் வேகமாக ஏறும். தொண்ணூறைத் தாண்டியதும் ஆமை வேகம்தான். மிச்சமிருப்பவர்கள் தொலைவிலும் வறுமையிலும் இருப்பவர்கள்.

இடைநிற்றலுக்கான காரணங்கள் எல்லோருக்கும் தெரிந்தவை: தூரம், வீட்டு வேலை, தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்வது, மாதவிடாய் நாட்களுக்கு வசதியில்லாத கழிப்பறை, கல்யாணம். கணிப்பவருக்குச் சிக்கல், இவற்றில் எது எப்போது மாறும் என்பதுதான். பீகாரில் 2006-இல் ஒன்பதாம் வகுப்புப் பெண்களுக்கு சைக்கிள் கொடுக்கத் தொடங்கினார்கள். கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாஷும் செய்த ஆய்வில், அதனால் பெண்களின் உயர்நிலைச் சேர்க்கை 32 சதவீதம் கூடியிருந்தது. ஆண், பெண் இடைவெளி 40 சதவீதம் குறைந்திருந்தது. பள்ளி மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த ஊர்களில்தான் பலன் அதிகம். 2005-இல் உட்கார்ந்து கோடு போட்டவர் யாரும் இதைப் போட்டிருக்க முடியாது.

வங்கதேசம் 1994 முதல் கிராமப்புறப் பெண்களுக்கு நாடு முழுக்க உதவித்தொகை கொடுத்தது. நிபந்தனைகள் மூன்று: 75 சதவீத வருகை, 45 சதவீத மதிப்பெண், கல்யாணம் ஆகியிருக்கக் கூடாது. சேர்க்கையில் பெண்கள் ஆண்களை முந்தினார்கள். ஆனாலும் அங்கே 20 முதல் 24 வயதுப் பெண்களில் ஏறக்குறைய பாதிப்பேர் 18 வயதுக்கு முன்பே மணமானவர்கள் என்று சர்வேக்கள் காட்டுகின்றன. சேர்க்கைக் கோட்டை மட்டும் நீட்டினால் இந்தப் பாதி கண்ணில் படாது.

கல்யாணம் இன்னொரு விதத்திலும் ஏமாற்றும். அம்மா படித்திருந்தால் மகள் எவ்வளவு படிப்பாள் என்று பார்க்க, ஒரே வீட்டில் இருக்கும் அம்மாவையும் மகளையும் சர்வேயில் இணைக்கிறோம். பதினாறு வயதில் கல்யாணமாகிப் போனவள் புகுந்த வீட்டுப் பட்டியலில் மருமகளாக இருப்பாள். அவளுடைய அம்மா யார், என்ன படித்தார் என்று அங்கே இருக்காது. நம் கணக்கில் மிஞ்சுவது பிறந்த வீட்டிலேயே இருக்கும் பெண்கள், அதாவது படிப்பைத் தொடர அதிக வாய்ப்புள்ளவர்கள். முடிவு உண்மையைவிட அழகாகத் தெரியும். இதற்காகவே, 14 வயதுக்கு மேற்பட்ட பெண்களில் எத்தனை பேரை அம்மாவோடு இணைக்க முடியவில்லை என்பதை முதலில் எண்ணிவிடுகிறேன்.

அப்புறம், எந்தக் கோட்டிலும் அடங்காதவை. ஆப்கானிஸ்தானில் 2021 செப்டம்பரில் ஆண்களுக்கு மட்டும் உயர்நிலைப் பள்ளிகள் திறந்தன. ஆறாம் வகுப்புக்கு மேல் பெண்களுக்குக் கதவு மூடிக்கொண்டது. சியரா லியோனில் எபோலாவால் மாதக்கணக்கில் பள்ளிகள் மூடிக் கிடந்தன. 2015-இல் திறந்தபோது கர்ப்பிணிப் பெண்கள் மற்றவர்களோடு வகுப்புக்கு வரக்கூடாது என்று தடை போட்டார்கள்; அது நீங்கியது 2020 மார்ச்சில்தான். ஒரு அரசாணை இருபது வருடக் கோட்டைத் திருப்பிவிடுகிறது. இதனால்தான் ஒரே எண்ணைக் கேட்டாலும் நான் மூன்று கோடுகள் கொடுக்கிறேன்: இன்றைய விகிதம் அப்படியே உறைந்தால், இதுவரை வந்த வேகம் தொடர்ந்தால், தென்கொரியா ஒரு காலத்தில் ஏறிய வேகத்தில் ஏறினால். பெரும்பாலும் நடுக்கோட்டை மட்டும் வெட்டி எடுத்துப் போகிறார்கள்.

2030-க்குள் எல்லாப் பிள்ளைகளும் மேல்நிலைக் கல்வியை முடிக்க வேண்டும் என்று 2015-இல் உலக நாடுகள் ஐ.நா.வில் ஒப்புக்கொண்டன. இதை இன்னும் எதிர்காலம் போலவே பேசுகிறோம். 2030-இல் 17 வயதில் படிப்பை முடிக்க வேண்டிய பெண் 2013-இல் பிறந்தவள். 2019-இல் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்திருப்பாள். அடுத்த வருடம், எழுத்துக்கூட்டத் தொடங்கிய நேரத்தில், உலகம் முழுக்கப் பள்ளிகள் மூடின. அவளோடு சேர்ந்தவர்களில் யாரெல்லாம் திரும்பி வரவில்லை என்பது வருகைப் பதிவேட்டில் ஏற்கெனவே இருக்கிறது. அவள் முடித்தாளா என்று என் டேபிளில் தெரிய 2033 முதல் 2035 வரை ஆகும்.