ஞானப்பல் எடுத்த பிறகு எதைக் கொப்பளிப்பது?

"மருந்துக்கடை மவுத்வாஷ் எதுக்கு டாக்டர், வீட்டிலேயே கஷாயம் வெச்சுக் கொப்பளிச்சா ஆகாதா?" ஞானப்பல் அறுவை முடிந்து மருந்துச் சீட்டை நீட்டும்போது இந்தக் கேள்வி வந்துவிடும். கேட்பது பெரும்பாலும் நோயாளி அல்ல. அவர் வாயில் பஞ்சைக் கடித்தபடி இருப்பார். கூட வந்த அம்மாவோ பாட்டியோதான் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் எதை என்பதற்கு முன்னால் எப்போது, எப்படி என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பல் இருந்த குழியில் ரத்தம் உறைந்து கட்டியாக நிற்கும். உள்ளே இருக்கும் எலும்பையும் நரம்பு முனைகளையும் மூடிக் காப்பது அதுதான். புதுச் சதை வளர்வதும் அதைப் பிடித்துக்கொண்டுதான். முதல் 24 மணி நேரம் அதைத் தொந்தரவு செய்யவே கூடாது. கஷாயம், மவுத்வாஷ், வெறும் தண்ணீர், எதைக் கொப்பளித்தாலும் கட்டி பெயர்ந்துவிடலாம். காறித் துப்புவதும் ஸ்ட்ரா போட்டு உறிஞ்சுவதும் அப்படித்தான். சென்னை வெயிலுக்கு இளநீர் தாராளமாகக் குடியுங்கள், ஆனால் டம்ளரில் ஊற்றிக் குடியுங்கள். சிகரெட் பிடிப்பவர்கள் ஒரு வாரமாவது அதைத் தொடாதீர்கள்.

கட்டி போய்விட்டால் எலும்பு வெளியே தெரியும். இதைத்தான் ட்ரை சாக்கெட் என்கிறோம். குறைந்துகொண்டு வரவேண்டிய வலி மூன்றாம் நாள் வாக்கில் திடீரென ஏறும், காது வரை இழுக்கும், வாயில் நாற்றம் வரும். மாத்திரைக்கும் சரியாக அடங்காது.

இதைத் தடுக்க நல்ல ஆதாரம் உள்ள மவுத்வாஷ் குளோர்ஹெக்ஸிடின். 0.12 அல்லது 0.2 சதவீதத்தில் கிடைக்கிறது. அறுவைக்கு மறுநாளிலிருந்து காலையும் இரவும் 10 மில்லி, டாக்டர் சொன்ன நாட்கள் வரை மட்டும். பேஸ்ட் போட்டுத் துலக்கியவுடனே இதை ஊற்றாதீர்கள். பேஸ்டில் உள்ள நுரை தரும் பொருள் மருந்தின் வீரியத்தைக் குறைத்துவிடும். அரை மணி நேரம் இடைவெளி விடுங்கள். நாக்கில் ருசி கொஞ்ச நாள் மாறும். காபி, டீ அதிகம் குடிப்பவர்களுக்குப் பல்லில் பழுப்புக் கறை படியும். அது மேலோட்டமானது, கிளீனிங் செய்தால் போய்விடும். அதைப் பார்த்துப் பயந்து பாதியில் நிறுத்துபவர்கள் நிறைய.

சரி, மூலிகை? திரிபலா மவுத்வாஷையும் குளோர்ஹெக்ஸிடினையும் ஒப்பிட்ட ஆய்வுகள் நம் நாட்டிலேயே நடந்திருக்கின்றன. பல்லில் படியும் அழுக்கையும் ஈறு வீக்கத்தையும் குறைப்பதில் பலவற்றில் திரிபலா கிட்டத்தட்ட சமமாகவே நின்றது. நான் அதை மதிக்கிறேன். ஆனால் ஈறு வீக்கம் வேறு, தையல் போட்ட பச்சைப் புண் வேறு.

வீட்டில் வைத்த கஷாயத்தைக் கொப்பளித்துவிட்டு வேளச்சேரியிலிருந்து வந்த ஓர் இளைஞர் நான்காம் நாள் வாயைத் திறந்தபோது தையல் நூல் மஞ்சளாக இருந்தது. குழிக்குள் கிராம்புத் தூள் கறுப்புக் கறுப்பாக அடைந்திருந்தது. சலைன் விட்டுக் கழுவ, மண்டி மண்டியாக வந்தது. கூட வந்த பாட்டிக்கு முகம் வாடிவிட்டது. "பாட்டி, கிராம்பு நல்ல மருந்துதான். ட்ரை சாக்கெட்டுக்கு நாங்க வைக்கிற மருந்திலேயே கிராம்புச் சத்து இருக்கு. ஆனா தூளா உள்ளே போனா புண் ஆறாது" என்றேன். கிராம்பு எண்ணெயை நேரடியாகப் பச்சைப் புண்ணில் விட்டாலும் சதை வெந்துபோகும். எண்ணெய்க் கொப்பளிப்பும் தையல் ஆறும் வரை வேண்டாம், வாயை அவ்வளவு நேரம் அழுத்திச் சுழற்றுவதே கெடுதல்.

தாம்பரத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனமே இருக்கும் ஊர் இது. பட்டம் பெற்ற சித்த மருத்துவர் உங்கள் புண்ணைப் பார்த்து ஒன்றைக் கொடுத்தால் அதை என்னிடமும் சொல்லுங்கள், சேர்ந்து முடிவெடுக்கலாம். வாட்ஸ்அப்பில் வந்த கஷாயக் குறிப்புக்கு அந்த மரியாதை கிடையாது.

வீட்டு வைத்தியம்தான் வேண்டும் என்றால் உப்புத் தண்ணீர் போதும். கேன் தண்ணீரோ மெட்ரோ தண்ணீரோ, கொதிக்கவைத்து வெதுவெதுப்பாக ஆறியதும் ஒரு டம்ளருக்கு அரை டீஸ்பூன் உப்பு. 24 மணி நேரம் கழித்து, ஒவ்வொரு முறை சாப்பிட்ட பிறகும். கன்னத்தை உப்பிச் சளசளவென்று அடிக்காமல், வாயில் வைத்துத் தலையை இப்படியும் அப்படியும் சாய்த்து, அப்புறம் வாயைத் திறந்து தானாக வழியவிடுங்கள். குளோர்ஹெக்ஸிடின் ஒத்துக்கொள்ளாதவர்களை நான் இதில்தான் விடுகிறேன், நன்றாகவே ஆறுகிறது.

மூன்று நாளைக்குப் பிறகும் வீக்கம் ஏறினாலோ, காய்ச்சல் வந்தாலோ, சீழ் கசிந்தாலோ கொப்பளித்துக்கொண்டு காத்திருக்காதீர்கள், உடனே வாருங்கள். விழுங்கவோ மூச்சு விடவோ சிரமமாக இருந்தால் நள்ளிரவானாலும் நேராகப் பெரிய ஆஸ்பத்திரிதான். மற்றவர்கள் தையல் பிரிக்க வரும்போது, வீட்டில் எதைக் கொப்பளித்தீர்களோ அந்தப் பாட்டிலையும் கையோடு எடுத்து வாருங்கள்.