பவளத் தொட்டியில் பாசி அறுவடை

பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டியில் தீனியால் சேரும் நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும், பாசி வளர்த்து அறுத்தே வெளியேற்றலாம். அதற்கு ஒரு கிராம் உலர் மீன் தீனியில் என்ன இருக்கிறது என்று முதலில் பார்த்துவிடலாம். டப்பாவில் புரதம் 45 சதவீதம் என்று போட்டிருக்கிறது என்று வையுங்கள். புரதத்தின் எடையில் சுமார் 16 சதவீதம் நைட்ரஜன். அதாவது ஒரு கிராம் தீனியில் 72 மில்லிகிராம் நைட்ரஜன். மீன் அதைத் தின்று பெரும்பகுதியைச் செவுள் வழியாக அம்மோனியாவாக விடுகிறது. தொட்டியில் வைத்த பாறையில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாக்கி, அப்புறம் நைட்ரேட்டாக்குகின்றன. முழுவதும் அப்படி மாறினால் சுமார் 320 மில்லிகிராம் நைட்ரேட். 200 லிட்டர் தொட்டியில் அது லிட்டருக்கு 1.6 மில்லிகிராம். தீனியில் பாஸ்பரஸ் ஒரு சதவீதம் என்று கொண்டால், பாஸ்பேட் லிட்டருக்கு 0.15 மில்லிகிராம் ஏறும். தினம் ஒரு கிராம் போட்டு எதையும் வெளியே எடுக்காவிட்டால் ஒரே வாரத்தில் நைட்ரேட் 11, பாஸ்பேட் 1.

பவளப்பாறையைச் சுற்றியுள்ள தெளிந்த கடல்நீரில் பாஸ்பேட் பெரும்பாலும் லிட்டருக்கு 0.03 மில்லிகிராமுக்கும் கீழே இருக்கும். நைட்ரேட்டோ சாதாரண டெஸ்ட் கிட்டில் நிறமே காட்டாது. வாரம் 10 சதவீதம் தண்ணீர் மாற்றினால் இருப்பதில் 10 சதவீதம்தான் போகும். வரவு மட்டும் தினமும் வந்துகொண்டே இருக்கும். இந்த இடத்தில்தான் பாசி உதவிக்கு வருகிறது.

பாசியை வைத்தே பவளத் தொட்டியைப் பராமரிக்கலாம் என்று பெரிய அளவில் செய்து காட்டியவர் அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனத்தைச் சேர்ந்த வால்டர் ஏடி. வாஷிங்டனில் உள்ள இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் 1980இல் அவர் அமைத்த உயிருள்ள பவளப்பாறைக் காட்சியில், வலைத் தட்டுகளில் குட்டைப் பாசியை வளர்த்துச் சுரண்டி எடுத்தார்கள். இன்று வீட்டுத் தொட்டி வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் அடியில் உள்ள சம்ப்பில், அதாவது தண்ணீர் வடிந்து சுத்தமாகித் திரும்பும் துணைத் தொட்டியில், ஓர் அறையை ஒதுக்கி, விளக்குப் போட்டு, கீட்டோமார்ஃபா என்ற பச்சை இழைப்பாசியை வளர்க்கிறார்கள். ரெஃப்யூஜியம் என்பது அந்த அறையின் பெயர். பாசியைச் சுருக்கமாகக் கீட்டோ என்பார்கள்.

கீட்டோவைக் கையில் எடுத்தால் சிக்குப்பட்ட தூண்டில் நரம்பு மாதிரி விறைப்பாக இருக்கும். ஒவ்வோர் இழையும் ஒரே வரிசையில் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கிய செல்கள். கிளை கிடையாது, வேர் கிடையாது. எந்தச் செல்லும் சுற்றியுள்ள நீரிலிருந்து நேரடியாகவே உணவு எடுத்துக்கொள்ளும். அதனால்தான் நீரோட்டம் இவ்வளவு முக்கியம். இழையை ஒட்டி அசையாமல் நிற்கும் மெல்லிய நீர்ப்படலத்தில் நைட்ரேட் சீக்கிரம் தீர்ந்துவிடும். ஓட்டம் இருந்தால்தான் புதுத் தண்ணீர் அந்த இடத்துக்கு வரும்.

உள்ளே போன நைட்ரேட்டை அப்படியே புரதமாக்க முடியாது. முதலில் நைட்ரைட்டாக, பிறகு அம்மோனியமாகக் குறைக்க வேண்டும். இந்த வேலையைச் செய்யும் நொதிகளுக்கு இரும்பு தேவை, கொஞ்சம் மாலிப்டினமும் தேவை. தொட்டியில் நைட்ரேட் தாராளமாக இருந்தும் கீட்டோ வெளிறிப்போனால் நான் முதலில் சந்தேகப்படுவது இரும்புப் பற்றாக்குறையைத்தான். அம்மோனியமே நேரடியாகக் கிடைத்தால் பாசிக்கு இந்தச் செலவு மிச்சம். பொதுவாக அதைத்தான் முதலில் எடுத்துக்கொள்ளும்.

இதுவரை நடந்தது இடமாற்றம் மட்டுமே. தண்ணீரில் இருந்தது பாசிக்குள் போயிருக்கிறது. தொட்டியை விட்டு எதுவும் போகவில்லை. பந்து பெரிதாகப் பெரிதாக நடுவில் வெளிச்சம் படாது, இழைகள் அழுகும், சேர்த்து வைத்ததெல்லாம் திரும்பத் தண்ணீருக்கே வரும். ஆகவே அறுத்து எடுப்பதுதான் உண்மையான வடிகட்டல். வாளியில் தொட்டித் தண்ணீரை எடுத்து, அதில் பந்தை நன்றாக உதறினால் உள்ளே ஒளிந்திருக்கும் கோப்பிபாடு, ஆம்ஃபிபாடு என்ற குட்டி இறால் இனப் பூச்சிகள் வாளியில் விழும். மாண்டரின் மீனுக்கு அவை அருமையான உயிர்த் தீனி, தொட்டிக்கே திருப்பி விட்டுவிடலாம். பிறகு பாதியைப் பிய்த்துப் பிழிந்து எடைபோடுங்கள். எடைபோடுவதை யாரும் செய்வதில்லை, ஆனால் அந்த எண்ணில்தான் விஷயம் இருக்கிறது. பிழிந்த பாசியில் பத்தில் ஒரு பங்கு உலர்பொருள், அதில் 3 சதவீதம் நைட்ரஜன் என்று தோராயமாகக் கொண்டால், 100 கிராம் கீட்டோ வெளியே கொண்டுபோவது சுமார் 1,300 மில்லிகிராம் நைட்ரேட். நம் 200 லிட்டர் தொட்டியில் அது லிட்டருக்கு 6.6. தினம் ஒரு கிராம் தீனி என்றால், பாசியை மட்டுமே நம்புபவர் வாரம் 170 கிராம் அறுக்க வேண்டும். பலருடைய ரெஃப்யூஜியம் அதில் கால்வாசிகூட விளைவிக்காது. விளக்கு போதாது என்பதே பெரும்பாலும் காரணம்.

சரி, 170 கிராம் விளைகிறது என்றே வைத்துக்கொள்வோம். பாஸ்பேட் தீர்ந்துவிடுமா? அதுதான் இல்லை. மிதவைத் தாவரங்களில் கார்பன், நைட்ரஜன், பாஸ்பரஸ் அணுக்கள் 106:16:1 என்ற விகிதத்தில் இருக்கும் என்பது ரெட்ஃபீல்டு விகிதம். கடலடியில் வளரும் பெரும்பாசிகளுக்கும் கடற்புற்களுக்கும் இது பொருந்தாது. அட்கின்சன், ஸ்மித் இருவரும் 1983இல் வெளியிட்ட ஆய்வில் அவற்றின் விகிதம் 550:30:1 என்று வந்தது. நம் டெஸ்ட் கிட் மொழியில் சொன்னால், ஒரு பங்கு பாஸ்பேட் எடுக்கும்போது பாசி சுமார் 20 பங்கு நைட்ரேட் எடுக்கிறது. மேலே பார்த்த தீனியோ ஒரு பங்கு பாஸ்பேட்டுக்குப் பத்துப் பங்கு நைட்ரேட்தான் தருகிறது. போதாததற்கு, பாறையின் உட்பகுதியில் ஆக்சிஜன் இல்லாத இடங்களில் பாக்டீரியாக்கள் நைட்ரேட்டின் ஒரு பகுதியை நைட்ரஜன் வாயுவாக்கி விட்டுவிடுகின்றன. ஆக நைட்ரேட் முதலில் தீரும், பாஸ்பேட் தேங்கும். தேங்கியதில் ஒரு பகுதி பாறையின் சுண்ணாம்பில் ஒட்டிக்கொண்டு, தண்ணீரில் அளவு குறைந்ததும் மெல்லக் கசியும்.

நைட்ரேட் பூஜ்யம், பாஸ்பேட் 0.2, கீட்டோ வளரவே இல்லை என்று பலர் புலம்புவதன் பின்னணி இதுதான். அழுக்கைக் குறைக்கப் போராடும் ஒருவரிடம் நைட்ரேட் கரைசலைச் சொட்டுச் சொட்டாகச் சேர்க்கச் சொன்னால் நம்ப மாட்டார். ஆனாலும் பாசி மறுபடி வளர அதுதான் வழி. மிச்ச பாஸ்பேட்டை, அதைத் தன்மேல் ஒட்டவைத்துக்கொள்ளும் இரும்பு ஆக்சைடு மணிகள் பார்த்துக்கொள்ளும், அதையும் அளவாக. பாஸ்பேட்டை முற்றிலும் துடைப்பது இன்னும் ஆபத்து. நைட்ரேட் மிகுந்து பாஸ்பேட் பஞ்சமானால் பவளங்கள் எளிதில் வெளிறும் என்று சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தின் வீடன்மன் குழு 2013இல் காட்டியது. இரண்டுமே பூஜ்யமானால் டைனோஃபிளாஜெல்லேட்டுகள் என்ற ஒற்றைச் செல் உயிரிகள் பழுப்புச் சளியாகப் பரவுவதைப் பலரும் பார்த்திருக்கிறார்கள். நைட்ரேட் 5, பாஸ்பேட் 0.05 வாக்கில் நிலையாக நின்றால் எனக்குத் திருப்தி.

விளக்கை இரவில் போடுவது நல்ல பழக்கம். மேல்தொட்டி இருளில் மூச்சுவிட்டுக் கரியமில வாயு ஏறி பிஹெச் இறங்கும் நேரத்தில், கீழே பாசி அந்த வாயுவை இழுத்துக்கொள்ளும்.

ரெஃப்யூஜியத்தில் சிலர் வளர்க்கும் இன்னொரு பச்சைப் பாசியான காலெர்பாவும் வேகமாக வளரும், பார்க்கவும் அழகு. எனக்கு அதன்மேல் நம்பிக்கை இல்லை. ஓர் அடி நீளத் தண்டும் அதன் இலைகளும் சேர்ந்து குறுக்குச்சுவரே இல்லாத ஒற்றைச் செல். இனப்பெருக்கத்துக்குத் தயாரானால் உள்ளிருப்பதையெல்லாம் இனச்செல்களாக ஒரேயடியாகக் கொட்டிவிடும். காலையில் பார்த்தால் தண்ணீர் பச்சையாகக் கலங்கி, பாசி கண்ணாடிபோல் வெளுத்திருக்கும். மாதக்கணக்கில் சேர்த்த சத்து மொத்தமும் மறுபடி தொட்டியில். ஆக்சிஜன் சரிந்து மீன்கள் திணறவும் கூடும்.

தொட்டிக்கு வெளியே அது இன்னும் மோசம். காலெர்பா டாக்ஸிஃபோலியா 1984இல் மொனாக்கோ கடல் அருங்காட்சியகத்துக்கு அருகே கடலில் தென்பட்டு, மத்தியதரைக் கடலில் பெரும்பரப்பை மூடியது. 2000இல் கலிஃபோர்னியாவின் ஒரு காயலில் அதே பாசி தென்பட்டபோது, தார்ப்பாயால் மூடி உள்ளே குளோரின் விட்டு அழிக்க ஆறு ஆண்டுகள் ஆயின. பாக் விரிகுடாவில் கராஜீனன் என்ற கெட்டியாக்கும் பொருளை எடுக்க வளர்த்த கப்பாஃபைகஸ் என்ற செம்பாசி, மன்னார் வளைகுடாவின் குருசடைத் தீவில் உயிருள்ள பவளங்கள்மீது படர்ந்திருப்பதாக 2008இல் ஆய்வாளர்கள் தெரிவித்தார்கள். ஆகவே அறுத்த பாசியில் ஒரு துணுக்கைக்கூடக் கழிவுநீர்த் தொட்டியிலோ வாய்க்காலிலோ விடாதீர்கள். மொட்டை மாடியில் மொறுமொறுவென்று காயும்வரை வெயிலில் போட்டு, அப்புறம் குப்பையில் சேருங்கள்; மழைக்காலம் என்றால் பையில் கட்டி ஃப்ரீசரில் உறையவைத்துவிட்டுப் போடலாம்.