‘ஸெட்ட’: பாலியில் ‘சிறந்த’ என்று சொல்வது எப்படி?

பழைய பௌத்த நூல்களின் மொழி பாலி. அதிலுள்ள அறப்பாடல் தொகுப்பான தம்மபதத்தின் முதல் பாட்டிலேயே ‘மனோஸெட்டா’ என்றொரு சொல் வருகிறது. மனத்தைத் தலைமையாகக் கொண்டவை என்பது பொருள். இதிலுள்ள ‘ஸெட்ட’ (ட்ட-வை மூச்சழுத்திச் சொல்ல வேண்டும்) பாலியில் ‘மிகச் சிறந்த’ எனப் பொருள்படும் பெயரடை.

இதன் சமஸ்கிருத வடிவம் ‘ஶ்ரேஷ்ட’. ஒளி, அழகு எனப் பொருள்தரும் ‘ஶ்ரீ’யோடு, உச்சநிலை காட்டும் ‘இஷ்ட’ விகுதி சேர்ந்து உருவானது. ஆங்கில ‘பெஸ்ட்’டின் கடைசி ‘ஸ்ட்’டும் இந்த விகுதிக்கு உறவுதான். பழைய ஈரானிய மொழியான அவெஸ்தாவில் இதன் இணைச்சொல்லுக்கு ‘மிக அழகான’ என்றே பொருள். அழகு மேன்மையானது இந்தியப் பக்கத்தில்தான்.

வெவ்வேறு மெய்கள் சேரும் கூட்டெழுத்துகளைப் பாலி பெரும்பாலும் பொறுத்துக்கொள்ளாது. முதலிலுள்ள ‘ஶ்ர’ வெறும் ‘ஸ’ ஆயிற்று. நடுவிலுள்ள ‘ஷ்ட’ இரட்டித்து ‘ட்ட’ ஆயிற்று. இரட்டை மெய்க்கு முன் நெடில் நிற்காது என்பது பாலியின் பொதுவிதி. அதனால் ‘ஏ’ குறுகி ‘எ’ ஆனது.

தமிழில் ‘சிறந்த’ எந்தப் பெயருக்கு முன் வந்தாலும் மாறாது. பாலியில் அந்த வசதி இல்லை. பால், எண், வேற்றுமை மூன்றிலும் பெயரடை பெயரைப் பின்தொடரும். செல்வம் அலிப்பால் (ஆணும் பெண்ணும் அல்லாத பால்), ஆகவே ‘தனம் ஸெட்டம்’. அறிவு பெண்பால், ஆகவே ‘பஞ்ஞா ஸெட்டா’. வழி ஆண்பால், அதற்கு ‘ஸெட்டோ’. ஆண்பால் ஒருமை மூன்றாம் வேற்றுமையில் ‘ஸெட்டேன’, ஆறாம் வேற்றுமையில் ‘ஸெட்டஸ்ஸ’ என்று போகும்.

வேடிக்கை இதன் ஒப்பீட்டு வடிவத்தில்தான். இரண்டில் மேலானதைச் சொல்ல ‘ஸெய்ய’ உண்டு; சமஸ்கிருத ‘ஶ்ரேயஸ்’ஸின் வழி வந்தது. தம்மபதத்தில் ‘ஜீவிதம் ஸெய்யோ’ (வாழ்வு மேலானது) என்று வருகிறது. ‘ஜீவிதம்’ அலிப்பால் ஆயிற்றே, ‘ஓ’ ஏன்? சமஸ்கிருதத்தின் ‘அஸ்’ ஈறு பாலியில் ‘ஓ’ ஆகும். அலிப்பால் ‘ஶ்ரேயஸ்’ அப்படியே ‘ஸெய்யோ’வாகி, பின்னர் எந்தப் பாலோடும் ஒட்டும் உறைந்த சொல்லாகிவிட்டது. போதாததற்கு, உச்சநிலை வடிவத்தின் மேலேயே ஒப்பீட்டு விகுதியை ஏற்றி ‘ஸெட்டதர’ என்றும் சொல்லியிருக்கிறார்கள். ‘மிகச் சிறந்ததைவிடச் சிறந்தது’! இலக்கணக்காரர் முகம் சுளிக்கலாம். பேசுகிறவர்கள் அதைப் பற்றிக் கவலைப்பட்டதில்லை.

இதே குடும்பத்தில் பிறந்த பெயர்ச்சொல் ‘ஸெட்டி’: ஊரின் பெருவணிகர். புத்தருக்கு ஜேதவனம் என்ற தோப்பை வாங்கித் தந்த சாவத்தி நகரத்து அனாதபிண்டிகர் ஒரு ஸெட்டி. சிங்களத்தில் இது ‘சிட்டு’ ஆனது. தமிழின் ‘செட்டி’யும் இவ்வழி வந்ததாகவே பலர் கொள்கிறார்கள், சமஸ்கிருதத்தின் நெடில் ‘ஏ’ இல்லாமல், பாலி, பிராகிருதங்கள் (பழைய வட இந்தியப் பேச்சுவழி மொழிகள்) ஆகியவற்றின் குறில் ‘எ’வும் இரட்டித்த ‘ட்ட’வும் அதில் இருப்பது அந்தக் கருத்துக்கு வலுச் சேர்க்கிறது.