அபார்ட்மெண்டில் மாற்றுத்திறனாளிக்குப் பார்க்கிங்: அட்டையோடு பிளானையும் கையில் எடுங்கள்

யுடிஐடி அட்டையை (மாற்றுத்திறனாளிகளுக்கு அரசு தரும் தனித்துவ அடையாள அட்டை) காட்டினால் லிஃப்ட் பக்கத்தில் வண்டி விட இடம் கிடைத்துவிடும் என்று நம்பி, நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் வீடு வாங்கி ஏமாந்து நிற்பவர்கள் உண்டு. அந்த அட்டை உங்கள் குறைபாட்டுக்குச் சான்று, அவ்வளவுதான். பார்க்கிங்கை அது ஒதுக்கித் தராது. இடம் வாங்கித் தருவது இரண்டு காகிதங்கள்: ஒப்புதல் பெற்ற கட்டட வரைபடம், நீங்கள் எழுத்தில் கொடுத்த கோரிக்கை.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின்படி, நியாயமான வசதி செய்து தர மறுப்பதும் பாகுபாடுதான். 'தனியார் நிறுவனம்' என்று அந்தச் சட்டம் சொல்வதில் சங்கங்களும் அடக்கம், உங்கள் அபார்ட்மெண்ட் குடியிருப்போர் சங்கம் உட்பட. ஆகவே "இது பிரைவேட் இடம், இங்கே அந்தச் சட்டம் வராது" என்று செயலாளர் சொன்னால் நம்ப வேண்டாம்.

முதலில் அளவைப் பாருங்கள். சாதாரண கார் இடத்தின் அகலம் 2.5 மீட்டர். மத்திய அரசின் வழிகாட்டு நெறிகள் மாற்றுத்திறனாளிக்குச் சொல்வது 3.6 மீட்டர் அகலம், 5 மீட்டர் நீளம், நுழைவாயிலிலிருந்து 30 மீட்டருக்குள். கதவை முழுதாகத் திறந்து, சக்கர நாற்காலியைப் பக்கத்தில் நிறுத்தி மாறி உட்கார அந்தக் கூடுதல் அகலம் வேண்டும். தூணை ஒட்டிய இடத்தைக் கொடுத்துவிட்டு, சுவரில் சக்கர நாற்காலிப் படத்தை வரைந்துவைத்தால் அது கணக்கில் வராது. பக்கச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டர் வைத்திருப்பவர்களை டூவீலர் வரிசைக்கு அனுப்புவது இன்னொரு அநியாயம். இரண்டு பைக்குகளுக்கு நடுவில் அது நுழையாது. நுழைந்தாலும் இறங்கக் கால் வைக்க இடம் இருக்காது. நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் இரண்டு பருவமழையும் உண்டு. கூரையில்லாத இடத்தில் பேவர் பிளாக் பாசி பிடித்து வழுக்கும். ஊன்றுகோலில் நடப்பவர் கூரையுள்ள இடத்தைக் கேட்பது சலுகை ஆகாது.

அடுத்து வரைபடம். மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி, ஊராட்சி எதுவானாலும், ஒப்புதல் வரைபடத்தின் நகலையும் கட்டட நிறைவுச் சான்றின் நகலையும் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். கட்டணம் 10 ரூபாய், பதில் தர 30 நாள். "அது எங்களிடம் இல்லை, நகர ஊரமைப்பு அலுவலகத்தில் கேளுங்கள்" என்று திருப்பி அனுப்புவார்கள். அலைய வேண்டாம். 5 நாளுக்குள் உரிய அலுவலகத்துக்கு மனுவை மாற்றி அனுப்புவது அவர்கள் வேலை. பிரிவு 6(3)-ஐ மனுவிலேயே குறிப்பிடுங்கள். வரைபடத்தில் மாற்றுத்திறனாளி இடம் காட்டியிருந்து, பில்டர் அதை வேறொருவருக்குக் கொடுத்திருந்தால் உங்கள் கை ஓங்குகிறது. திறந்தவெளி பார்க்கிங்கையும், ஸ்டில்ட் (கட்டடத்துக்கு அடியில் தூண்களுக்கு நடுவே உள்ள) பார்க்கிங்கையும் தனியாக விற்க முடியாது என்று ஒரு மகாராஷ்டிர வழக்கில் 2010-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

வரைபடத்தில் அப்படி இடமே இல்லையா? பழைய கட்டடங்களில் இதுதான் நிலைமை. அப்போது புது இடம் கேட்காதீர்கள், இட மாற்றம் கேளுங்கள்: என் இடத்தை எடுத்துக்கொண்டு லிஃப்ட் அருகே உள்ள இன்ன எண் இடத்தைத் தாருங்கள் என்று. வாய்ப்பேச்சில் முடிக்கவே கூடாது. அடுத்த செயலாளர் வந்ததும் அது போய்விடும். பொதுக்குழுத் தீர்மானமாக மினிட்ஸ் புத்தகத்தில் ஏறி, அதன் நகல் உங்கள் கைக்கு வர வேண்டும்.

சங்கங்கள் தட்டிக்கழிக்கும் வழிகள் தெரிந்தவைதான். "ஆர்சி உங்கள் மகன் பெயரில் இருக்கிறது" என்பார்கள். உரிமை ஆளுக்கு, வண்டிக்கு அல்ல; தானே ஓட்டத் தெரியாதவருக்கும் உண்டு. "நீங்கள் வாடகைக்கு இருப்பவர்" என்பார்கள். சட்டம் அப்படிப் பிரிக்கவில்லை, ஆனாலும் கடிதத்தில் வீட்டு உரிமையாளரின் கையெழுத்தையும் வாங்கிவிடுங்கள், வாயடைத்துப் போவார்கள். தற்காலிக மாற்றுத்திறனாளிச் சான்று வைத்திருப்பவர்கள் காலாவதித் தேதியை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். அதையே சாக்காக வைப்பார்கள்.

கோரிக்கைக் கடிதத்தைச் சங்கத்துக்கு ஸ்பீடு போஸ்டில் அனுப்பி, பட்டுவாடா ஆனதற்கான அத்தாட்சியை எடுத்துவையுங்கள். "மறுப்பதானால் காரணத்தை 15 நாளுக்குள் எழுத்தில் தரவும்" என்ற வரி கட்டாயம் இருக்கட்டும். பதில் வராவிட்டாலும் அந்த மௌனம் உங்களுக்குச் சாட்சி.

பிறகுதான் அலுவலகம். காவல் நிலையத்தில் சிவில் விவகாரம் என்பார்கள், மாநகராட்சியில் தனியார் கட்டடம் என்பார்கள். திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் நாளில் மனு கொடுத்தால் அது மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்குப் போகும்; அங்கிருந்து "சங்கத்தை அணுகவும்" என்று ஒரு வரிப் பதில் வரும். மனு எண்ணையும் அந்த ஒரு வரியையும் பத்திரமாக வையுங்கள். சென்னையிலுள்ள மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையருக்கு முறையிடும்போது அவைதான் பேசும். விசாரணைக்கு ஆளை அழைக்க, ஆவணம் கேட்க, சிவில் நீதிமன்றத்துக்குரிய அதிகாரம் அவருக்கு உண்டு. வக்கீல் வைக்கத் தேவையில்லை, தபாலில் அனுப்பலாம். அட்டை நகல், வரைபட நகல், கடிதம், அஞ்சல் அத்தாட்சி, டேப் வைத்து அகலம் தெரிய எடுத்த இரண்டு போட்டோ, இவ்வளவையும் இணையுங்கள்.