ஃபிராஞ்சைஸ்: உரிமையா, வரிசையா?

2015-இல் வந்த 'க்ரீட்' குத்துச்சண்டைப் படத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் 'ராக்கி ஃபிராஞ்சைஸுக்கு மறுபடி உயிர் கொடுத்த படம்' என்ற வரி எப்படியும் வந்துவிடும். அதே வாரத்தில் நமக்குத் தெரிந்த ஒருவர் டீக்கடை ஃபிராஞ்சைஸ் எடுத்திருப்பார். ஐபிஎல் ஏலச் செய்தியில் அணிகளுக்கும் அதே பெயர்தான். இந்த மூன்றுக்கும் சேர்த்து ஒரே தமிழ்ச் சொல்லைத் தேடுவதால்தான் இதுவரை எதுவும் ஒட்டவில்லை.

சொல்லின் வேர் பிரெஞ்சு மொழியில் இருக்கிறது. ரோமப் பேரரசு சரிந்தபின் இன்றைய பிரான்ஸ் நாட்டுப் பகுதியைப் பிடித்து ஆண்டவர்கள் பிராங்க் இனத்தவர். அங்கே முழு விடுதலை பெற்ற மனிதர் என்றால் பெரும்பாலும் அவர்கள்தான். அதனால் இனத்தின் பெயரே 'கட்டற்றவன்' என்ற பொருளுக்கு வந்தது. அதிலிருந்து பிறந்த ஃபிராஞ்சைஸ் முதலில் விடுதலையைக் குறித்தது. பிறகு வரிவிலக்கு, சந்தை நடத்தும் அனுமதி என்று மன்னர் தரும் சலுகைகளுக்குப் பெயரானது. ஆங்கிலத்துக்குப் போய் வாக்களிக்கும் உரிமையைக் குறித்தது. இலங்கையில் 1931-இல் வந்த சர்வசன வாக்குரிமையும் ஆங்கில ஆவணங்களில் இதே சொல்தான். கார் விற்பனை, உணவகம், விளையாட்டு அணி, கடைசியாக சினிமா என்று அது பரவியது இருபதாம் நூற்றாண்டில்.

எங்கே போனாலும் பொருளின் நடுவில் இருப்பது உரிமை. யாரோ ஒருவரிடம் ஒரு பெயர் இருக்கிறது; அதைப் பயன்படுத்த இன்னொருவருக்கு அனுமதி வேண்டும். சினிமாவில் இது எவ்வளவு கறாரான சங்கதி என்பதற்கு ராக்கியைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

1975 மார்ச்சில் முகமது அலியை எதிர்த்து சக் வெப்னர் என்ற அதிகம் அறியப்படாத வீரர் பதினைந்தாம் சுற்றுவரை தாக்குப்பிடித்தார். அதைப் பார்த்த நடிகர் சில்வெஸ்டர் ஸ்டலோன், ராக்கி என்ற குத்துச்சண்டை வீரனை நாயகனாக வைத்துச் சில நாட்களில் திரைக்கதை எழுதினார். 1976-இல் வந்த 'ராக்கி' சிறந்த படத்துக்கான ஆஸ்கரை வாங்கியது. 2006 வரை வந்த ஆறு படங்களுக்கும் எழுத்து அவர்தான், நான்குக்கு இயக்கமும் அவரே. ஆனால் ராக்கியில் தனக்கு உரிமைப் பங்கு எதுவும் இல்லை என்று பின்னாளில் அவரே வெளிப்படையாகக் குமுறினார். பாத்திரம் அவர் கற்பனையில் பிறந்தது. உரிமை தயாரிப்புத் தரப்பிடம். விடுதலை என்று தொடங்கிய சொல் வந்து நின்ற இடத்தைப் பாருங்கள்.

'க்ரீட்' ஸ்டலோன் எழுதாத முதல் ராக்கி படம். இயக்கியவர் ரயன் கூக்லர், கதையும் அவருடையது. ராக்கியின் எதிராளியாக வந்து நண்பனாகி, நான்காம் படத்தில் களத்திலேயே இறந்துபோன அப்பல்லோ க்ரீடுக்கு, மணவுறவுக்கு வெளியே பிறந்த மகன் அடோனிஸ். தந்தையைப் பார்த்ததே இல்லை. மைக்கேல் பி. ஜோர்டன் நடித்த இந்த இளைஞன் தந்தை பெயரைச் சொல்லாமல், தாயின் குடும்பப் பெயரான ஜான்சன் என்ற பெயரில் மெக்சிகோவின் டிஹுவானாவில் சில்லறைச் சண்டைகள் போடுகிறான். பிறகு பிலடெல்பியாவுக்கு வந்து ராக்கியிடம் பயிற்சி கேட்கிறான். யார் மகன் என்ற விஷயம் கசிந்ததும் உலகப் பட்டத்துக்கான வாய்ப்பு தேடி வருகிறது, ஒரு நிபந்தனையோடு: க்ரீட் என்ற பெயரில்தான் மோத வேண்டும். எதிராளியின் மேலாளருக்கு வேண்டியது அந்தப் பெயர். டிக்கெட் விற்பது அதுதான். ஃபிராஞ்சைஸ் என்ற சொல்லுக்கு இதைவிடத் தெளிவான விளக்கத்தை எந்த அகராதியிலும் நான் பார்த்ததில்லை.

சரி, தமிழில் என்ன எழுதுவது? பணம், ஒப்பந்தம் பற்றிய பேச்சு என்றால் தயங்காமல் 'உரிமை' என்றே எழுதலாம். ஒளிபரப்பு உரிமை, மறுஆக்க உரிமை என்று கோடம்பாக்கம் ஏற்கெனவே புழங்கும் சொல்தான். டீக்கடைக்கு 'பெயருரிமை' போதும். ஒரே பாத்திரங்களைச் சுற்றி வரும் படங்களின் தொகுதி என்றால் 'படவரிசை'. 'தொடர்' என்று எழுதினால் இரவு எட்டு மணி சீரியல் நினைவுக்கு வந்துவிடுகிறது.

'க்ரீட்' படத்தை ஏழாம் பாகம் என்பது சரியில்லை. நாயகன் மாறிவிட்டான், ராக்கி மூலைக்குப் போய்ப் பயிற்சியாளர் ஆகிவிட்டார். மறுதொடக்கம் என்பதும் பொருந்தாது; பழைய கதையில் நடந்ததெல்லாம் அப்படியே செல்லும். மகாபாரதத்துக்குள் நளன் கதையைக் கிளைக்கதை என்கிறோமே, அந்த வழியில் 'கிளைப்படம்' என்பதுதான் என் பரிந்துரை.

வடசென்னைக் குத்துச்சண்டையில் புழங்கும் 'பரம்பரை' என்ற சொல்லின்மீதும் எனக்கு ஓர் ஆசை உண்டு. அங்கே பரம்பரை என்றால் ரத்த உறவு மட்டுமல்ல. ஆசான், மாணவன் என்று வரும் வழி. அப்பல்லோவின் ரத்தமும் ராக்கியின் பயிற்சியும் சேர்ந்த அடோனிஸுக்கு அச்சொல் அளவெடுத்துத் தைத்ததுபோல் இருக்கும். ஆனால் பரம்பரையை விலைக்கு வாங்க முடியாது, ஃபிராஞ்சைஸை வாங்கலாம். ஆகவே கதையைப் பற்றி எழுதும்போது பரம்பரை, கம்பெனியைப் பற்றி எழுதும்போது உரிமை.

2023-இல் வந்த 'க்ரீட் 3' படத்தை ஜோர்டனே இயக்கினார். அதில் ராக்கி பாத்திரம் இல்லை. ஆகவே க்ரீட் படங்களைத் தனியாக 'க்ரீட் படவரிசை' என்றே எழுதலாம் என்பது என் கட்சி. தயாரிப்பாளர்கள் பட்டியலில் மட்டும் ஸ்டலோன் பெயர் இருக்கிறது.