புழு இல்லைன்னு நிரூபிச்சும் பர்கர் ஏன் விக்கல?

ஒரு கம்பெனியைப் பத்தி வந்த செய்தி பொய்னு தெரிஞ்ச பிறகும் யாவாரம் ஏன் படுத்துடுதுன்னு ஒரு வாசகர் கேட்டிருந்தாங்க. நல்ல கேள்வி.

1978ல அமெரிக்காவுல, அட்லாண்டா பக்கம், மெக்டொனால்ட்ஸ் பர்கர்ல மண்புழு அரைச்சுப் போடுறாங்கன்னு ஒரு புரளி. கம்பெனிக்காரங்க பிரஸ் மீட் வச்சாங்க, விவசாயத் துறை லெட்டரைக் காட்டினாங்க, கறியை விட புழுதான் விலை ஜாஸ்தின்னும் சொல்லிப் பாத்தாங்க, ஆனாலும் சில இடங்கள்ல விற்பனை 30 சதவீதம் வரைக்கும் விழுந்துச்சு. இத்தனைக்கும் அதை நிஜம்னு நம்பினவங்க கம்மி!

இதை டைபவுட், கால்டர், ஸ்டெர்ன்தால்னு மூணு மார்க்கெட்டிங் ஆராய்ச்சியாளர்கள் சோதிச்சு 1981ல வெளியிட்டாங்க. மாணவர்களை உக்கார வச்சு டிவி போடுறாங்க, நடுவுல மெக்டொனால்ட்ஸ் விளம்பரம் வருது, கூட்டத்துல இவங்களே உக்கார வச்ச ஒரு ஆள் அந்தப் புழு கதையை எடுத்து விடுறார். ஒரு குழுவை அப்படியே விட்டுட்டாங்க. இன்னொரு குழுகிட்ட அது பொய்னு ஆதாரத்தோட சொன்னாங்க. கடைசியில மெக்டொனால்ட்ஸுக்கு மார்க் போடச் சொன்னா, புரளியே கேக்காதவங்களை விட ரெண்டு குழுவுமே கம்மியாதான் போட்டுச்சு, மறுப்பு சொல்லி ஒரு பிரயோஜனமும் இல்லை.

எனக்கு ரொம்பப் பிடிச்சது அடுத்த ரெண்டு குழுதான். ஒண்ணுல புரளி கேட்டதும் சோதனை நடத்தினவர், மாமியாரை பிரெஞ்சு ஹோட்டலுக்குக் கூட்டிட்டுப் போனோம், அங்க புழுவுல செஞ்ச சாஸ் அவ்ளோ ருசின்னு சேத்து சொல்றார். இன்னொண்ணுல புரளி கேட்ட பிறகு புழுவைப் பத்தி பேச்சே எடுக்கல, நீங்க எந்தக் கிளைக்குப் போவீங்க, உள்ள உக்கார இடம் இருக்கான்னு மட்டும் கேட்டாங்க. ரெண்டுலயும் புரளியே கேக்காதவங்க போட்ட அளவுக்கு மார்க் வந்துருச்சு!

விஷயம் என்னன்னா, மூளை பர்கரையும் புழுவையும் பக்கத்துல பக்கத்துல முடிச்சுப் போட்டு வச்சிருது. "பர்கர்ல புழு இல்லை"ன்னு சொல்லவும் ரெண்டையும் சேத்துதானே சொல்லணும், முடிச்சு இன்னும் இறுகுது. பிரெஞ்சு சாஸ் புழுவை வேற பக்கம் கொண்டுபோய்க் கட்டிருது, கிளை பத்தின கேள்வி நம்ம சொந்த ஞாபகங்களை மேல கொண்டுவருது. "கலப்படம் இல்லை: நிறுவனம் மறுப்பு"ன்னு பெருசா தலைப்பு போடுறதும் அதே முடிச்சைத்தான் போடுது.

ஒரு டிவி, கொஞ்சம் மாணவர்கள், நடிக்க ஒரு ஆள், செலவு அவ்ளோதான். இந்த மாதிரி ஆராய்ச்சிக்கு நம்ம பல்கலைக்கழகங்கள்ல கண்டிப்பா பணம் ஒதுக்கணும்னு நான் நினைக்கிறேன்.

ஆனா இப்படிப் பேச்சை மாத்துறது பொய்யான புரளிக்கு மட்டும்தான். 1982ல சிகாகோவுல யாரோ டைலனால்ங்கிற வலி நிவாரணி கேப்ஸ்யூல்ல சயனைடு கலந்து 7 பேர் செத்தாங்க, அப்போ அதை வித்த ஜான்சன் அண்ட் ஜான்சன் பேச்சை மாத்தப் பாக்கல, சுமார் 3.1 கோடி பாட்டிலைக் கடைகள்லேர்ந்து திரும்ப எடுத்துட்டு, பிரிச்சா தெரியுற மாதிரி சீல் போட்டுத்தான் மறுபடி விக்க வந்தாங்க.